தங்கமும் தங்கச் சுரங்கப் பங்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கத்தின் விலை ஏறிக்கொண்டே போவதால், நகை வாங்க இயலாதவர்கள் வெளிநாட்டில் சுரங்கம் நடத்தும் சிறு நிறுவனங்களின் பங்குகளை வாங்கலாம் என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதிப் பிழைத்தவன் என்பதாலும், இதே ஆசையில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதாலும் இதை எழுதுகிறேன்.

சென்ற வாரம் என் மைத்துனர், ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தை என்ன செய்வது என்ற யோசனையோடு, மேற்கு ஆப்பிரிக்காவில் உரிமம் பெற்று ஆஸ்திரேலியப் பங்குச்சந்தையில் இடம்பெற்றுள்ள ஒரு சிறு நிறுவனத்தின் கையேட்டைக் கொண்டுவந்தார். ‘14 மீட்டர் நீளத்துக்கு டன்னுக்கு 2 கிராம்’ என்ற வரியின் கீழ் கோடு போட்டிருந்தார். நிலத்தில் துளையிட்டுப் பார்த்ததில் 14 மீட்டர் நீளப் பாறையில் டன்னுக்குச் சராசரி 2 கிராம் தங்கம் இருந்தது என்று பொருள். திறந்தவெளிச் சுரங்கத்துக்கு அது நல்ல தரம்தான். ஆனால் ஒரு பவுன், அதாவது 8 கிராம் எடுக்க, நான்கு டன் பாறையை வெட்டி அரைத்து சயனைடு கரைசலில் ஊறவைக்க வேண்டும்; அதிலும் ஒரு பகுதி கசடோடு போய்விடும். பினாங்கு ஸ்ட்ரீட் நகைக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பது தங்கம். கையேட்டில் இருப்பது பாறை.

அந்தக் கையேட்டில் சொல்லப்பட்ட அளவு முழுவதும் ‘இன்ஃபெர்டு’ வகை, அதாவது ஒரு சில துளைகளை வைத்து ஊகித்த கனிம வளம். கனிம இருப்பை எப்படி அறிவிக்க வேண்டும் என்று சொல்லும் ஆஸ்திரேலியாவின் ஜோர்க் விதிமுறைப்படி இந்த வகையை வெட்டி எடுக்கத்தக்க இருப்பாகக் கணக்கில் காட்ட முடியாது. இன்னும் துளையிட வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். விற்கத் தங்கம் இல்லாத நிறுவனம் எதை விற்கும்? புதிய பங்குகளைத்தான் விற்கும். 2009-இல் நான் இப்படியொரு நிறுவனத்தின் பங்கை வாங்கினேன். 2011-இல் தங்கம் அவுன்சுக்கு 1,900 டாலரை எட்டியபோது என் பங்கு வாங்கிய விலையில் பாதிக்கு நின்றது. மோசடி எதுவும் நடக்கவில்லை. 80 மில்லியனாக இருந்த பங்குகளை இரண்டே ஆண்டில் 210 மில்லியனாகப் பெருக்கியிருந்தார்கள்; ஒவ்வொரு பங்குக்கும் உரிய பாகம் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். தங்கத்தின் விலையை நாள்தோறும் பார்த்தவன், பங்குகளின் எண்ணிக்கையை ஒருநாளும் பார்க்கவில்லை.

மோசடியும் நடந்ததுண்டு. நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தானில், பூசாங் என்ற இடத்தில் மாபெரும் தங்கப் படிவம் கிடைத்ததாகக் கனடாவின் பிரி-எக்ஸ் நிறுவனம் அறிவித்தது. 1997-இல் நடந்த தனிச் சோதனையில் அங்கே சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை என்றும், மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூள் கலக்கப்பட்டது என்றும் தெரிந்தது. துளையிட்டு எடுத்த பாறைத்தண்டை நீளவாக்கில் அறுத்து, ஒரு பாதியைச் சோதனைக்கு அனுப்பி மறுபாதியைப் பெட்டியில் வைத்திருப்பதுதான் வழக்கம். அவர்கள் முழுவதையும் அரைத்துவிட்டார்கள். மறுபாதியைக் கேட்டவர்களுக்குக் காட்ட ஒன்றுமில்லை.

நாட்டு அரசியலும் ஒரு பக்கம் இருக்கிறது. 2025 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி அரசு, கனடாவின் பாரிக் போன்ற பெருநிறுவனத்தின் சுரங்கத்திலிருந்தே ஏறத்தாழ 3 டன் தங்கத்தைக் கைப்பற்றியது. சிறு நிறுவனம் என்ன செய்யும்?

சிறு சுரங்கப் பங்கே ஆகாது என்பதல்ல என் வாதம். போனாலும் பரவாயில்லை என்கிற அளவு பணத்தை நானும் அதில் வைத்திருக்கிறேன். சேமநிதிப் பணம் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. இங்கே பங்கை விற்க வருபவருக்கு நம் மலேசியப் பத்திரங்கள் ஆணையத்தின் உரிமம் உண்டா என்பதையும், அந்த ஆணையத்தின் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதையும் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். ஆஸ்திரேலியச் சந்தையில் உள்ள இத்தகைய நிறுவனங்கள் காலாண்டுக்கு ஒருமுறை ‘5பி’ என்ற படிவத்தைத் தாக்கல் செய்கின்றன. கையிலிருக்கும் பணம் இன்னும் எத்தனை காலாண்டுக்குத் தாங்கும் என்பது அதில் ஒரே எண்ணில் இருக்கும். தங்கள் கட்டுரையாளர் அதைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம் என்று மைத்துனரிடம் சொல்லி அனுப்பினேன். இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.