வாரண்டித் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள கண்ணா,

நீ வாங்கப்போகும் பழைய காருக்கு டீலர் கொடுத்த தாள்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினாயே, அவற்றை அப்பா பெரிய எழுத்தில் அச்செடுத்துக் கொடுத்தார். மேஜையில் பரப்பிவைத்துக்கொண்டு பொடி எழுத்து உட்பட எல்லாவற்றையும் படித்துவிட்டேன். வண்டி நல்ல வண்டி. ஏழு பேர் தாராளமாக உட்காரலாம், பிள்ளைகளோடு சம்பந்தியம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாம். டொயோட்டா ஃபார்ச்சூனர் இங்கே டர்பனில் ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலையில் செய்வது, நம் தெருப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்குச் சோறு போட்ட இடம், அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் உண்டு. ஆனால் நீ கேட்டது எக்ஸ்டெண்டட் வாரண்டியைப் பற்றி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தத் திட்டத்தை, இந்த விலைக்கு, கார் கடனோடு சேர்த்து வாங்காதே. வேறு விதமாக வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. காரணங்களை எழுதுகிறேன். அவை தெரிந்திருந்தால்தான் அந்த ஃபைனான்ஸ் மேஜைக்கு முன்னால் உட்காரும்போது உனக்குப் பேச்சு வரும்.

முதலில், பேர்களைக் குழப்பிக்கொள்ளாதே. கார் இன்ஷூரன்ஸ் விபத்துக்கும் திருட்டுக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர்பாக்ஸ் போனால் அது வராது. சர்வீஸ் பிளான் ஆயில், ஃபில்டர் மாற்றுவதற்கு. மெயின்டெனன்ஸ் பிளான் பிரேக் பேட் போலத் தேய்கிற சாமான்களையும் பார்த்துக்கொள்ளும். கம்பெனி வாரண்டி, செய்ததில் குறை இருந்தால் சரிசெய்து கொடுப்பது. டொயோட்டாவுக்கு அது 3 வருஷம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை. நீ பார்த்திருக்கும் வண்டிக்கு இரண்டுமே தாண்டிவிட்டது. அதனால்தான் டீலரின் ஃபைனான்ஸ் மேஜைப் பையன் உன்னிடம் எக்ஸ்டெண்டட் வாரண்டி என்று ஆரம்பித்தான். பேரில் வாரண்டி என்று இருந்தாலும், நீ அனுப்பிய தாளின் கடைசிப் பக்கத்தில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பேர் இருக்கிறது பார். இது எந்திரம் பழுதானால் பணம் கொடுக்கும் ஒரு பாலிசி. வண்டி செய்த கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சரி, பணக் கணக்குக்கு வருகிறேன். இதில்தான் என் மனசு ரொம்பச் சங்கடப்பட்டது. உனக்குச் சொன்ன விலை 24,000 ரேண்ட், 2 வருஷத்துக்கு. அதை 6 வருஷக் கடனில் சேர்த்துவிட்டார்கள். நேஷனல் கிரெடிட் ஆக்ட் என்ற கடன் சட்டப்படி எக்ஸ்டெண்டட் வாரண்டியின் விலையைக் கடன் தொகையில் சேர்க்கலாம், ஆக அவர்கள் செய்ததில் சட்டப்படி தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் உனக்குப் போட்டிருக்கும் வட்டி 12 சதவீதம். 24,000-ஐ 72 மாசத்துக்குப் பிரித்தால் மாசம் 469 ரேண்ட் சொச்சம் வருகிறது, மொத்தத்தில் கிட்டத்தட்ட 33,800. வட்டி மட்டும் 9,800-க்குப் பக்கம். இது போகட்டும். வாரண்டி இரண்டாவது வருஷக் கடைசியில் முடிந்துவிடும். அதற்கப்புறம் நாலு வருஷம், இல்லாத வாரண்டிக்கு நீ மாசாமாசம் பணம் கட்டிக்கொண்டிருப்பாய். அந்த நாலு வருஷத்தில்தான் வண்டி பழசாகி நிஜமாகவே செலவு வைக்கும். "மாசத்துக்கு ஐந்நூறு கூட இல்லை சார், ஒரு பீட்சா காசு" என்று அந்தப் பையன் சொன்னதாக எழுதியிருந்தாய். மாசக் கணக்கில் யார் விலை சொன்னாலும், மொத்தத்தில் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கு.

அடுத்தது அந்த அட்டவணை. நாலாம் பக்கத்தில் சாமான் வாரியாக எவ்வளவு வரை கொடுப்பார்கள் என்று போட்டிருக்கிறது. என்ஜின் 25,000, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 15,000, டர்போ 8,000, இன்ஜெக்டர் மொத்தமாக 5,000. கிளேர்வுட்டில் உன் மாமாவின் ஒர்க்‌ஷாப்பில் நான் கணக்கு எழுதிய வருஷங்களில் இந்த மாதிரி அட்டவணைகள் நிறைய என் மேஜைக்கு வந்திருக்கின்றன. டீசல் வண்டியில் செலவு இழுப்பது டர்போவும் இன்ஜெக்டரும்தான். அவை இரண்டுக்கும்தான் இதில் தொகை குறைவு. நாலு இன்ஜெக்டரையும் மாற்ற வேண்டி வந்தால் 5,000 ரேண்ட் ஒன்றுக்கே பத்துமா என்று உன் மாமாவைக் கேள். மிச்சம் முழுக்க உன் கையிலிருந்து. அதற்கு மேல் எக்சஸ், அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நீ கட்ட வேண்டிய பங்கு, தனி. கிலோமீட்டர் கூடக்கூடப் புது சாமான் விலையில் ஒரு பங்கை உன் தலையில் போடுவார்கள், அதுவும் தனி வரியாக இருக்கிறது.

டோங்காட்டிலிருந்து ஒரு டீச்சர் அம்மா வந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஏழு சீட் டீசல்தான், டர்போ போய் நீலப் புகை கக்கிக்கொண்டு வந்தது. வாரண்டி இருக்கிறது என்று தைரியமாக இருந்தார். நாங்கள் போனில் அனுமதி கேட்டோம். கழற்றிப் பாருங்கள், காரணம் தெரிந்தால்தான் சொல்வோம் என்றார்கள். கழற்றினோம். அவர்கள் ஆள் வந்து டர்போவின் தண்டை விரலால் ஆட்டிப் பார்த்தார், கறுத்துக் கெட்டிப்பட்டிருந்த ஆயிலைத் துணியில் துடைத்துப் படம் எடுத்தார், அப்புறம் சர்வீஸ் புத்தகத்தைக் கேட்டார். ஒரு சர்வீஸ் காலம் தாண்டிச் செய்யப்பட்டிருந்தது, பாலிசி அனுமதித்த கிலோமீட்டரை விடக் கூட ஓடியபிறகு. கிளெய்ம் தள்ளுபடி. கழற்றிய கூலியும் அந்த அம்மா தலையில்தான் விழுந்தது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஆபீஸ் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. அவரிடம் யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாம் தாளில் இருந்தது, படித்துக் காட்டத்தான் ஆள் இல்லை.

ஒழுங்காகப் பணம் வந்த கிளெய்ம்களையும் நான் பார்த்திருக்கிறேன், அதையும் சொல்ல வேண்டும். வெருலத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் முழுதாகச் செய்ய அனுமதி கொடுத்தார்கள். அவர்கள் எடுத்திருந்தது மேல்தரத் திட்டம். சர்வீஸ் ரசீதுகள் ஒவ்வொன்றும் தேதிப்படி ஒரு கவரில் இருந்தன. அதனால் வாரண்டி என்றாலே ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். எதற்கு எவ்வளவு வரை, எந்த நிபந்தனையோடு என்பதைப் பார்த்துத்தான் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்.

இன்னொன்று, உனக்குச் சட்டமே கொடுத்திருக்கும் பாதுகாப்பு. 2008-ஆம் வருஷத்து கன்ஸ்யூமர் புரொடெக்‌ஷன் ஆக்ட், அதாவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56-ஆவது பிரிவு. டீலரிடம் வாங்கிய பொருளில், பழைய காராக இருந்தாலும் சரி, 6 மாசத்துக்குள் குறை தெரிந்தால் ரிப்பேர் செய்து கொடு, மாற்றிக் கொடு, இல்லை பணத்தைத் திருப்பிக் கொடு என்று கேட்கும் உரிமை உனக்கு உண்டு. மூன்றில் எது என்பது உன் விருப்பம். ரிப்பேர் செய்து 3 மாசத்துக்குள் அதே குறை திரும்ப வந்தால் மாற்றவோ பணம் தரவோ வேண்டும். நீ முரட்டுத்தனமாக ஓட்டிக் கெடுத்ததற்கும் வழக்கமான தேய்மானத்துக்கும் இது வராது. ஆனால் ஒரு இடத்தில் ஜாக்கிரதையாக இரு. வண்டியில் இன்ன இன்ன குறை இருக்கிறது, தெரிந்தே வாங்குகிறேன் என்று நீ கையெழுத்துப் போட்டால், அந்தக் குறைகளுக்கு அப்புறம் இந்த உரிமை போய்விடும். டெலிவரி அன்றைக்கு, பிள்ளைகள் பின் சீட்டில் குதித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு கத்தைத் தாளை நீட்டுவார்கள். அப்படிப் பட்டியல் ஏதாவது இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிடு.

உன் வாரண்டித் தாளில் முதல் 30 நாளுக்குக் கிளெய்ம் கிடையாது, வாங்கும்போதே இருந்த குறைக்கும் கிடையாது என்று இருக்கிறது. ஆக ஆரம்பத்தில் வெளிப்படும் குறைக்கு நீ போக வேண்டியது டீலரிடம். டீலர் உன்னை வாரண்டிக் கம்பெனியிடம் தள்ளிவிட்டால் ஒத்துக்கொள்ளாதே. அவர் மசியாவிட்டால் வண்டி வியாபாரப் புகார்களை விசாரிக்கும் மோட்டார் இண்டஸ்ட்ரி ஆம்புட்ஸ்மனிடம் எழுதலாம். பாலிசி கிளெய்மில் தகராறு வந்தால், அதை விசாரிக்க 2024 மார்ச்சிலிருந்து நேஷனல் ஃபைனான்சியல் ஆம்புட் இருக்கிறது.

இப்போது உன் வீட்டு நிலைமை. இங்கேதான் எனக்கும் யோசனை ஓடுகிறது. கையில் 40,000 ரேண்ட் ஒதுக்கிவைக்க முடிந்தவனுக்கு எந்த வாரண்டியும் வேண்டாம், அந்தப் பணமே அவனுக்கு வாரண்டி. உன்னிடம் இப்போது அது இல்லை என்று எனக்குத் தெரியும். வீட்டு பாண்ட், அந்த வீட்டுக் கடன், ஒரு பக்கம், பாப்பா பிறந்ததிலிருந்து மருமகள் சம்பளமில்லா விடுப்பில். இந்த வருஷம் கியர்பாக்ஸ் போனால் நீ கிரெடிட் கார்டைத்தான் நீட்டுவாய். அந்த வட்டியை விட ஒரு ஒழுங்கான பாலிசி எவ்வளவோ மேல். அதனால் இப்படிச் செய்யலாம் என்று நினைக்கிறேன். இதே வண்டிக்கு வேறு இரண்டு மூன்று இடத்தில், கடனோடு சேராமல் மாசாமாசம் கட்டி, வேண்டாத போது நிறுத்திக்கொள்ளும் திட்டமாக விலை கேள். டர்போ, இன்ஜெக்டர், கியர்பாக்ஸ், மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி இவற்றுக்கான தொகையை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். எத்தனை வயசு, எத்தனை கிலோமீட்டர் வரை வண்டியைச் சேர்த்துக்கொள்வார்கள் என்றும் கேட்டுக்கொள், சட்டப் பாதுகாப்பு இருக்கும் அந்த ஆறு மாசம் தள்ளிப்போட்டு எடுக்கலாமா என்பது அதை வைத்துத்தான் தெரியும். கூடவே வண்டிக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து மாசம் 1,000 ரேண்ட் போட்டு வா. மருமகள் வேலைக்குத் திரும்பி, அந்தக் கணக்கில் 40,000 சேர்ந்த மாசமே பாலிசியை நிறுத்திவிடு.

ஈஸ்டருக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்கு வருவதாகச் சொன்னாய். இங்கே வரும் என்3 நெடுஞ்சாலையில், வான் ரீனன் மலைப்பாதையில் குடும்பத்தோடு நின்றுபோனால் என்ன கதி என்று நினைத்துத்தான் நீ இந்த வாரண்டியைப் பார்க்கிறாய், எனக்குப் புரிகிறது. ஆனால் இழுவை வண்டியும் மாற்று வண்டியும் உன் கார் இன்ஷூரன்ஸிலேயே இருக்கலாம். முதலில் அதைத் திறந்து பார். இருந்தால் ஒரே விஷயத்துக்கு இரண்டு இடத்தில் பணம் கட்டாதே.

வாரண்டியை விட முக்கியமானது வண்டியைச் சோதிப்பது. ரோட்வொர்த்தி சர்டிபிகேட் இருக்கிறதே என்பார்கள். அது பிரேக், விளக்கு, டயர், ஸ்டியரிங் பார்க்கிறது, கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை நாள் வரும் என்று சொல்லாது. டீலருக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் பணம் கொடுத்து முழுச் சோதனை செய். சர்வீஸ் புத்தகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஒரு வண்டியின் புத்தகத்தில் மூன்று வருஷத்து முத்திரைகளும் ஒரே மையில், ஒரே பக்கம் சாய்ந்து, ஒரே கையெழுத்தில் இருந்ததை உன் மாமா எனக்குக் காட்டியிருக்கிறார். ஒரே நாளில் உட்கார்ந்து குத்தியது. சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, கம்பெனி டீலர் கம்ப்யூட்டரில் இருக்கும் சர்வீஸ் விவரத்தை அச்செடுத்துக் கேள். அது புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் வாரண்டிப் பேச்சே வேண்டாம், வண்டியே வேண்டாம்.

இனிமேல் நீ செய்யும் சர்வீஸ் ரசீதுகளையும் பத்திரப்படுத்து. 2021 ஜூலையிலிருந்து வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கும் காம்பெடிஷன் கமிஷனின் வழிகாட்டுதல்படி, கம்பெனி வாரண்டி இருக்கும்போதே தனியார் ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸ் செய்யலாம். உன் வண்டி அந்தக் காலத்தைத் தாண்டியாயிற்று. நீ எடுக்கும் பாலிசி எந்த ஒர்க்‌ஷாப்பை ஏற்றுக்கொள்ளும் என்பதை அதன் தாளில்தான் பார்க்க வேண்டும்.

டீலர் வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல் என்றாராமே. வண்டிக்கு வேண்டுமானால் வெள்ளிக்கிழமை சொல்லு. வாரண்டிக்கு அந்த அவசரம் இல்லை, அந்த வரியை எடுத்துவிட்டு வேறு கடன் தாள் போட்டுத் தரச்சொல். எடுக்க முடியாது, இது இல்லாமல் கடன் வராது என்றால், அதை இமெயிலில் எழுதிக் கேள். எழுதச் சொன்னாலே பேச்சு மாறும். புதுத் தாள் வந்ததும் முழுவதையும் எனக்கு அனுப்பு, சர்வீஸ் புத்தகத்தின் படங்களையும் சேர்த்து. மாமா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இங்கே சாப்பிட வருகிறார், இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துவிட்டு அன்றைக்குச் சாயங்காலமே உன்னைக் கூப்பிடுகிறோம்.

மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

அம்மா