ஆண்டறிக்கை: பழம்பாதைகளும் பயிர்த்தடங்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர் பெருமக்களே, வணக்கம். நமது வரலாற்று ஆர்வலர் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

செயற்குழு உரிய காலங்களில் கூடியது. பிள்ளையார்பட்டிக் குடைவரைக்கும் திருமயம் கோட்டைக்கும் போய்வந்தோம். பள்ளிப் பிள்ளைகளுக்கான கட்டுரைப் போட்டி வழக்கம்போல் நடந்தது.

இந்த ஆண்டின் பெரிய வேலை, பழைய வண்டிப்பாதைகளை ஒட்டிய வயல்களை ட்ரோனில் படமெடுத்தது. "வயலைப் படம்பிடிக்கவா சங்கப் பணம்?" என்று சென்ற பொதுக்குழுவில் கேட்கப்பட்டது. அதற்கு எழுத்தில் பதில் வைப்பது என் கடமை.

மண்ணுக்கடியில் சுவரோ, சரளை இறுகிய தளமோ இருந்தால் வேர் இறங்காது. மழை நின்றதும் அங்கே பயிர் குட்டையாகி, மற்றதற்கு முன்னே பழுத்துவிடும். பழைய பள்ளம் வண்டல் மூடிக் கிடந்தால் அடியில் ஈரம் தங்கும். சுற்றிலும் மஞ்சளித்த பிறகும் அந்தப் பயிர் மட்டும் கரும்பச்சையாக நிற்கும். வரப்பில் நின்றால் பிடிபடாது, மேலிருந்து பார்த்தால் கோடாகத் தெரியும். இதுதான் பயிர்த்தடம். இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தின் அருகே 1925 டிசம்பரில் விமானி இன்சால் வானிலிருந்து ஒரு வட்டத்தைக் கண்டார். அடுத்த ஜூலையில் கோதுமை வளர்ந்து நின்றபோதுதான் அது உறுதியாயிற்று. உட்ஹெஞ்ச் என்று பெயர் பெற்ற பழங்கால மரத்தூண் வட்டம் அது. ஒரே வயலுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ரோமானியச் சாலைக்குச் சொல்லும் அடையாளம் நடுவில் வெளிர்பட்டை, இருபுறமும் பச்சைக்கோடு. நடுவே மேடு கட்டி, பக்கங்களில் பள்ளம் வெட்டியதால் வருவது அது. நம் மண்பாதைகளுக்கு இது அப்படியே பொருந்தாது. சக்கரமும் மழைநீரும் அரித்துத் தாழ்ந்து, பின்னாளில் வண்டல் மூடிய பாதைகள் இவை. ஆகவே அகலமான ஒற்றைப் பச்சைப் பட்டையாகத்தான் பெரும்பாலும் தெரியும். சேற்றுக் காலத்தில் வண்டிகள் ஒதுங்கி ஓடிய இடங்களில் பட்டை பிரிந்து, சடைபோல மறுபடி கூடும். இரட்டைக் கோடுகளை மட்டும் தேடுகிறவர் நம் ஊர்ப் பாதையைத் தவறவிடுவார்.

தேடலைப் புல வரைபடத்திலிருந்து தொடங்க வேண்டும். வண்டிப்பாதைப் புறம்போக்கு எந்தப் புல எண்ணில் அறுந்து நிற்கிறதோ அதற்கு அடுத்த வயல், சுமைதாங்கிக் கல், ஊருணி, இடிந்த சத்திரம் இவற்றை இணைக்கும் வரிசை, இவைதான் முதலில். புழுதி விதைப்பு நெல்லும் கேழ்வரகும் நன்றாகக் காட்டும். நிலக்கடலையில் மங்கல். போர்வெல் பாயும் வயலிலும் தைலமரத் தோப்பிலும் நேரம்தான் வீண். 60 முதல் 80 மீட்டர் உயரத்தில், படத்துக்குப் படம் முக்கால் பங்குக்குக் குறையாமல் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி எடுக்க வேண்டும். நான்கு மூலையிலும் சுண்ணாம்பில் பெருக்கல் குறி போட்டால்தான் படங்கள் சரியாகப் பொருந்தும். பிறகு காலைச் சாய்வெயிலில் நாலு பக்கமிருந்தும் சாய்வாக ஒரு சுற்று. ஒரு வாரம் கழித்து அதே வயலில் அதே வேலை.

ஏமாற்றும் தடங்களே அதிகம். ஆட்டுக்கிடை போட்ட இடம் கட்டடம்போல் சதுரமாகப் பச்சை காட்டும். பழைய எருக்குழியும் தூர்ந்த கிணறும் வட்டமாகத் தெரியும். யூரியா கைவீச்சு வரிவரியாக விழும். டிராக்டர் டயர் அமுக்கிய தடம் வெளிர்கோடாகி, புதைந்த சுவர் என்று எண்ண வைக்கும். இவ்வாண்டு ஒரு வயலில் இரண்டு பச்சைக் கோடுகள் கிடைத்தன. ஒன்று குறுகலாகவும் நேராகவும் போய், செங்கோணத்தில் திரும்பி வால்வுத் தொட்டியில் முடிந்தது. அது குடிநீர்க் குழாய்ப் பள்ளம். மற்றது இருபதடி அகலம், ஊருணியை வளைத்துக்கொண்டு சுமைதாங்கிக் கல்லை நோக்கிப் போகிறது. அதன் மேல் நெற்றாள் இடுப்பளவு. மூன்று தப்படி தள்ளி முழங்காலுக்குச் சற்று மேல். மறுவாரமும் தடம் மாறவில்லை. "பாதையாக இருக்கலாம்" என்று மட்டுமே பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். தொல்லியல் துறையின் அனுமதியில்லாமல் ஒரு சாண் மண்ணும் தோண்டக்கூடாது. பழம்பானை ஓட்டுச்சில்லு கண்ணில் பட்டாலும், கிடந்த இடத்திலேயே படமெடுத்துவிட்டு வந்துவிட வேண்டும்.

இந்தத் தடம் தெரிவது மழை நின்று பயிர் வாடத் தொடங்கும் சில நாட்கள்தான். நம் பக்கம் மார்கழிக் கடைசியும் தை முதலும். இந்த வேலைக்குப் பெயர் கொடுத்தவர்களில் வயலுக்கு வந்தவர்கள் நால்வர். பழனிப் பாதயாத்திரை போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஊரில் இருந்துகொண்டே, வருகிறேன் என்று சொல்லி வராதவர்களால்தான் இரண்டு வயல்களில் மறுவாரப் படம் இல்லாமற்போனது. அறுவடைக்குப் பின் அதை எப்படி எடுப்பது? இது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

வரவு, செலவு விவரம் பொருளாளரிடம் பார்வைக்கு உள்ளது. வரவு சந்தாவும் நன்கொடையும். செலவு பேட்டரி, நகல், தேநீர், போக்குவரத்து. கையிருப்பு சொற்பம். சந்தா பாக்கி கையிருப்பைவிட அதிகம், சிலருக்கு மூன்றாண்டுப் பாக்கி.

வயலுக்குள் விட்ட நில உரிமையாளர்களுக்கும், ஊராட்சிக்கும், கூட்டத்துக்கு இடம் தந்த நூலகத்துக்கும் நன்றி.

வரும் தையில் செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டை வருகிற வெளியூர் உறுப்பினர்கள், கூட இரண்டு நாள் தங்கினால் காலை ஆறு மணிக்கு வயலில் சுண்ணாம்புக் குறி போட ஆள் கிடைக்கும். தங்க முடியாதவர்கள் பாக்கியையாவது செலுத்தினால் இன்னொரு பேட்டரி வாங்கலாம். இப்போது இருப்பது ஒரு வயல் முடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது. எந்தெந்த வயல் என்று புழுதி விதைப்புக்கு முன் முடிவாக வேண்டும். ஆடி கடைசிக்குள் பெயரும் சந்தாவும் வந்துசேர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்