தலைக்கு வைத்த எண்ணெயும் நெற்றியில் வந்த பருவும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த அழகுக் குறிப்பு, இரவு படுக்கும் முன் முகம் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னது. எந்தச் சருமத்துக்கும் ஏற்றது என்றும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதைத் திருத்துங்கள். எனக்குத் தேங்காய் எண்ணெயின் மீது எந்தப் பகையும் இல்லை. நான் பொள்ளாச்சிக்காரி. வீட்டுக்குப் பின்னால் கொப்பரை உலர்களம், எங்கள் சோறே தென்னையிலிருந்துதான் வருகிறது.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன ஆண்டு அவள் நெற்றியில், முடி தொடங்கும் இடத்தை ஒட்டி, ரவை தூவியதுபோல் சிறு முண்டுகள் கிளம்பின. வலி இல்லை, சிவப்பும் இல்லை. ஜன்னல் பக்கம் முகத்தைச் சாய்த்தால்தான் தெரியும். "வயசுப் பரு, தானே போய்விடும் கண்ணு" என்றார் அவளுடைய பாட்டி. கடலை மாவு தேய்த்தோம், எலுமிச்சை தடவினோம், தோல் எரிந்ததுதான் மிச்சம். பள்ளிக்குப் போகும்போது முன்முடியை இழுத்து நெற்றியை மறைத்துக்கொள்வாள். குடும்பத்தோடு படம் எடுக்கும்போதெல்லாம் அவள் கை நெற்றிக்குப் போய்விடும்.

தோல் மருத்துவர் முதலில் கேட்டது தலையணை உறையைப் பற்றி. எண்ணெய்க் கறை இருக்குமா என்றார். இருந்தது, தலை படும் இடத்தில் மஞ்சளாக வட்டமிட்டு. தினமும் இரவு உச்சி குளிரத் தேங்காய் எண்ணெய் வைத்து, பின்னிவிட்டுப் படுக்க வைத்தவள் நான்தான்.

அவர் சொல்லித் தெரிந்துகொண்டது இது. மயிர்க்காலுக்குள் சுரக்கும் நெய்யும் உதிரும் தோலணுக்களும் வெளியே வர வழியின்றி அடைத்துக்கொள்கின்றன. துளையின் வாய் மூடியிருந்தால் வெள்ளை முண்டு, திறந்திருந்தால் கரும்புள்ளி. அந்தக் கருப்பு அழுக்கல்ல, ஆகவே எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். வறண்ட கை கால்களுக்கு அது மிக நல்லது. எண்ணெய் வழியும் பதின்வயது முகத்தில் அதைப் பூசினால் பலருக்குத் துளை அடைபடுகிறது. கோகோ வெண்ணெயும் அப்படித்தான். கிரீம் பிசுபிசுக்காமல் பரவச் சேர்க்கும் ஐசோபுரோபைல் மிரிஸ்டேட்டும் அந்த வரிசையில் வருகிறது. தடவினால் எவ்வளவு இலேசாக இருக்கிறது என்று நாம் மெச்சிக்கொள்ளும் கிரீமில் அது இருக்கக்கூடும்.

அதற்காக, எந்தப் பொருள் துளையை எவ்வளவு அடைக்கும் என்று கைப்பேசியில் உலவும் 0 முதல் 5 வரையிலான மதிப்பெண் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். முகப்பூச்சுகளால் வரும் பருவைப் பற்றி 1972-ல் கிளிக்மேன், மில்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். அப்படித் துளையை அடைக்கும் பொருள்களைச் சோதிக்க அக்காலத்தில் முயலின் காதைப் பயன்படுத்தினார்கள். முயல் காது மனிதத் தோலைவிட எளிதில் அடைபடும். எந்தப் பொருள், எவ்வளவு, எதனுடன் கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். எல்லோரும் பயப்படும் பெட்ரோலியம் ஜெல்லி துளையை அடைப்பதில்லை என்றே எங்கள் மருத்துவர் சொன்னார். கிளிசரின், நியாசினமைடு (வைட்டமின் பி3-ன் ஒரு வகை) உள்ளவற்றைத் தேடி வாங்கச் சொன்னார்.

தேடி வாங்குவது எப்படி என்பதுதான் என் பெரிய குறை. மகள் கைச்செலவுக் காசில் வாங்கிவந்தது 25 கிராம் குழாய். திருப்பித் திருப்பிப் பார்த்தோம், சேர்மானப் பட்டியலே இல்லை. விசாரித்தால் அது சட்டப்படி சரிதானாம். நம் நாட்டு அழகுசாதன விதிகளின்படி 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும். ஆனால் 30 கிராமுக்குக் குறைவான களிம்புக்கும் 60 மில்லிக்குக் குறைவான திரவத்துக்கும் விலக்கு உண்டு. சின்னக் குழாயையும் சாஷேயையும் வாங்குவது யார்? பள்ளிப் பிள்ளைகளும் கையில் காசு குறைந்தவர்களும்தானே! பெரிய டப்பா வாங்க முடிந்தவருக்கு மட்டும் முகத்தில் என்ன பூசுகிறோம் என்று தெரியலாம் என்பது என்ன நியாயம்? "துளைகளை அடைக்காது" என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போடுவதற்கும் சட்டத்தில் வரையறை கிடையாது. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

இந்த விலக்கை மத்திய அரசு நீக்க வேண்டும். இடம் போதாதென்றால் அட்டைப்பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு வைக்கட்டும், அதில் தமிழும் இருக்கட்டும்.

மகளுக்கு எண்ணெய் வைப்பதை நான் விட்டுவிடவில்லை. ஞாயிறு காலையில் வைத்து, இரண்டு மணி நேரத்தில் சீயக்காய் போட்டு அலசிவிடுகிறோம். தலையணை உறையை வாரம் இருமுறை மாற்றுகிறேன். மருத்துவர் எழுதித் தந்த, துளை அடைப்பை நீக்கும் அடாபலீன் களிம்பை இரவில் பட்டாணி அளவு தடவுகிறாள். முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை, அழுதாள். மூன்றாம் மாதத்தில் நெற்றி வழவழப்பானது. இப்போது முடியை ஏற்றி வாரிக்கொண்டு பள்ளிக்குப் போகிறாள்.

வாசகி,
பொள்ளாச்சி