மஞ்சள் புள்ளி என்றால் ஆள் இல்லை என்று அர்த்தமில்லை

எல்லாருக்கும் வணக்கம். நாம் வேலைக்கு மெசேஜ் அனுப்பும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் ஆப்பில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் புள்ளி தெரிந்தால், வேலையை விட்டுப் போய்விட்டார் என்று முடிவு கட்ட வேண்டாம். மொபைலில் வேறு ஆப்புக்கு மாறினாலே மஞ்சளாகிவிடும். லேப்டாப்பை லாக் செய்தாலும் அப்படித்தான்.

நேற்று நம்மில் ஒருவர் கஸ்டமரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் "எங்கே போனீங்க?" என்று அடுத்தடுத்து 3 மெசேஜ். அவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது, நியாயம்தான்.

ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் புள்ளியில் வெள்ளைக் கோடு இருந்தால் 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று அர்த்தம். உங்கள் மெசேஜ் போகும், ஆனால் அவர் போனில் சத்தம் வராது. அவசரமென்றால் அவருடைய நம்பருக்கே கூப்பிடுங்கள்.

சாப்பிடப் போகும்போது ஸ்டேட்டஸ் மெசேஜில் "2:15க்கு வந்துடுவேன்" என்று போடுங்கள். அது எப்போது அழிய வேண்டும் என்பதையும் அங்கேயே குறிக்கலாம். நைட் ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.