பெயர் சொல்லாமல் உதவிய அந்துப்பூச்சி அன்பருக்கு நன்றி

வாசல் சுவரில் ஒட்டியிருந்த பச்சைப் பூச்சியின் படத்தை அனுப்பி "விஷமா?" என்று கேட்டோம். பெயரோடு நிறுத்தாமல் பார்க்கவும் கற்றுக்கொடுத்தீர்கள். மனமார்ந்த நன்றி.

அது அரளிப் பருந்து அந்துப்பூச்சி, அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நேரியை. இறக்கை விரித்தால் 9 செ.மீ.க்குக் குறையாது; கடிக்காது, கொட்டாது. முதல் படங்களைக் கெடுத்தது ஃபிளாஷ்தான்: இறக்கைச் செதில்கள் பளபளத்து, பச்சையும் இளஞ்சிவப்பும் வெளுத்துவிட்டன. நீங்கள் சொன்னபடி டார்ச் முன் வெள்ளைத்தாள் பிடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், நேர் மேலிருந்து ஒன்றும் அருகில் ஸ்கேல் வைத்து ஒன்றும் எடுத்ததும் தெளிந்தது. முன்னிறக்கை உடலோடு சேரும் இடத்தில் வெளிர் வட்டம், அதற்குள் கண்மணி போல ஒரு கரும்புள்ளி! நெருங்கிய உறவான ஹைப்போதஸுக்கு இறக்கை நுனியில் வெள்ளைப் பொட்டு இருக்குமாம், இதில் இல்லை.

"வீட்டில் நந்தியாவட்டை இருக்கிறதா?" என்ற உங்கள் கேள்விதான் பெரிய உதவி. அதன் இலைக்கடியில் இதே அந்துப்பூச்சியின் பச்சைப் புழு, தலைப்பக்கம் கண் போல இரண்டு நீலப் பொட்டுகள், வால்பக்கம் குட்டிக் கொம்பு. அது பழுப்பாகிக் கீழே இறங்கினால் சருகுக்குள் கூட்டுப்புழுவாகும், பெருக்கிவிடாதீர்கள் என்றீர்கள். பெருக்கவில்லை, மருந்தும் அடிக்கவில்லை. பூச்சியை வாயகன்ற கண்ணாடிப் பாத்திரத்தால் மூடி, அடியில் அட்டை செருகி, இருட்டியதும் விளக்கணைத்துச் செடியருகே விட்டோம்.