கூடாரத்தைத் தராசில் மட்டும் நிறுத்துப் பார்க்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலை நடைக்கு ஏற்ற எடை குறைந்த பிரமிடு கூடாரங்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை டர்பனில் எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தோம். அக்கா மகன் கைப்பேசியை நீட்டி, "சின்னம்மா, பட்டியலில் முதலில் இருப்பதையே வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டான். பட்டியலைப் பார்த்தேன். கிராம் கணக்கில் ஏறுவரிசை, அவ்வளவுதான். நீளம் இல்லை, அகலம் இல்லை, என்ன துணி, எப்படித் தைத்தது என்ற பேச்சே இல்லை. அவன் வயதுப் பிள்ளைகள் அதைப் பார்த்து ஆயிரக்கணக்கான ராண்டைக் கொட்டி வாங்கப் போகிறார்களே என்ற கவலையில் எழுதுகிறேன்.

நான் உடுப்புத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தே பிள்ளைகளை வளர்த்தவள். 1990களில் வெளிநாட்டு உடுப்பு மலிவாக வந்து இறங்கவும் டர்பனில் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அப்புறம் வீட்டிலேயே தைக்க ஆரம்பித்தேன். ரவிக்கை, பள்ளிச் சீருடை என்று போய்க்கொண்டிருந்த வேலையில், இப்போது டிராக்கன்ஸ்பெர்க் மலைக்குப் (பெர்க் என்றே சொல்வோம்) போய்வரும் பிள்ளைகளின் கிழிந்த கூடாரங்களும் சேர்ந்துவிட்டன. கிழிசலைத் தைப்பவளுக்கு எது எங்கே விட்டுக்கொடுக்கும் என்று தெரியும். அவர்களோடு சேர்ந்து நானும் மலைக்குப் போகிறேன்.

எங்கள் அப்பா காலத்தில் இது நடக்காத காரியம். 1953ஆம் ஆண்டின் தனித்தனி வசதிகள் சட்டம் 1990இல்தான் ரத்தானது. அதுவரை எந்தக் கடற்கரையில் கால் வைக்கலாம், எந்த விடுதியில் தங்கலாம் என்பதையெல்லாம் தோலின் நிறமே தீர்மானித்தது. இன்று டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் நம் பிள்ளைகள் முதுகில் பையைக் கட்டிக்கொண்டு அந்த மலைக்குப் போவதைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம். அவர்கள் நனையாமல், நடுங்காமல் திரும்பி வர வேண்டும்.

முதலில் ஒன்று. பிரமிடு கூடாரம் நல்ல கூடாரம். கட்டுரை அதைப் பாராட்டியதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நான்கு பக்கமும் சரிந்த துணி, நடுவில் ஒரே கம்பு. அந்தக் கம்புகூட நடக்கும்போது கையில் ஊன்றிவரும் ட்ரெக்கிங் கம்புதான். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மோதி நிற்கச் செங்குத்தான சுவர் கிடையாது. பனி விழுந்தாலும் பெரும்பகுதி வழுக்கிக் கீழே போய்விடும். இருவர் படுக்கும் அளவுள்ளது அரைக்கிலோவை ஒட்டிய எடையில் கிடைக்கிறது. அன்டார்டிகாவில் தென் துருவத்துக்குப் போன ஸ்காட்டின் குழு கொண்டுபோனதும் பிரமிடு வடிவம்தான், அந்த வகையை இன்றும் அங்கே பயன்படுத்துகிறார்கள். ஆனால் இன்று அங்கே இருப்பது மூலைக்கு ஒரு கம்பாக நான்கு கம்புகளும் இரட்டைத் துணியும் கொண்ட கனத்த கூடாரம். அதன் பெயரைச் சொல்லி இந்த ஒற்றைக் கம்புக் கூடாரத்தை விற்பது சரியில்லை.

இனி நீள அகலம். கூடாரம் 274 சென்டிமீட்டர் நீளம், நடு உயரம் 145 என்று வைத்துக்கொள்வோம். சுவர் சரிவதால், மெத்தையும் தூக்கப்பையும் சேர்ந்து எழும்பும் 30 சென்டிமீட்டர் உயரத்திலேயே துணி ஒவ்வொரு முனையிலும் 28 சென்டிமீட்டர் உள்ளே வந்துவிடும். படுக்க மிஞ்சுவது 218தான். இதுவே 240 நீளமுள்ள கூடாரம் என்றால் மிஞ்சுவது 190. எங்கள் அக்கா மகன் ஆறடியைத் தாண்டியவன். அதில் படுத்தால் தூக்கப்பையின் கால்மாடு ராத்திரி முழுக்கச் சுவரில் உரசிக்கொண்டே இருக்கும். நம் மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியில் படிந்து துளித்துளியாக நிற்கும் சுவர் அது. பறவை இறகு அடைத்த பை அதில் நனைந்தால் சூடு போய்விடும். குளிர்காலத்தில் பெர்க் மேட்டில் ராத்திரி வெப்பம் பூஜ்யத்துக்கு எவ்வளவோ கீழே இறங்கும் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். பட்டியலின் உச்சியில் இருப்பவை பெரும்பாலும் துணியைச் சுருக்கித்தான் எடையைக் குறைத்திருக்கும். அகலத்துக்கும் இதே கணக்குதான். அதோடு இருவர் படுத்தால் நடுக்கம்பு இருவருக்கும் இடையில் நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

சரி, துணிக்கு வருகிறேன். சந்தையில் முக்கியமாக மூன்று வகை. சிலிகான் பூசிய நைலான், சிலிகான் பூசிய பாலியஸ்டர், அப்புறம் டைனீமா. துணியின் பெயரோடு 20 டெனியர், 15 டெனியர் என்று போட்டிருப்பார்கள். ஒன்பதாயிரம் மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் டெனியர். எண் குறையக் குறைய நூல் மெலிது. ஒரே டெனியரில் நைலான்தான் கிழிசலை அதிகம் தாங்கும். ஆனால் நைலான் தண்ணீரைக் குடித்து நீளும். சாயங்காலம் விறைப்பாகக் கட்டிய கூடாரம் மழை பெய்த ராத்திரியில் தொய்ந்து முகத்துக்குக் கிட்டே வந்து நிற்கும். எழுந்து வெளியே போய்க் கயிற்றை மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். பாலியஸ்டர் அந்த அளவுக்கு நீளாது, வெயிலையும் நைலானைவிட நன்றாகத் தாங்கும். 3,000 மீட்டர் உயரத்தில் வெயில் துணியை அரிக்கிற வேகம் கொஞ்சநஞ்சமல்ல. என்னைக் கேட்டால் பெர்க்குக்கு பாலியஸ்டர்தான்.

டைனீமா நெய்த துணியே அல்ல. இழைகளை இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவில் வைத்து ஒட்டியது. தண்ணீரைக் குடிக்காது, நீளாது, எடையும் மிகக் குறைவு. விலையோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் சுங்கத்தீர்வையும் 15 சதவீத வாட் வரியும் வேறு. நீளாத துணி என்பதால் மேடுபள்ளத்தில் கட்டும்போது கொஞ்சமும் அனுசரித்துப் போகாது. ஒரு மூலை தவறினால் எதிர்ச் சுவர் சுருங்கும். கல்லில் உரசினால் சீக்கிரம் ஓட்டை விழும். தினம் தினம் மாதக்கணக்கில் நடப்பவர்களுக்கு அது லாபமாக இருக்கலாம். நீண்ட வார இறுதியில் பெர்க்கில் இருக்கும் இஞ்சிசூதிக்கோ மாங்க்ஸ் கவுலுக்கோ போய்வருபவர்களுக்கு அந்தக் காசில் நல்ல தூக்கப்பை வாங்கலாம்.

இப்போது என் தொழில். கூடாரத்தை வாங்குமுன் உள்ளே தலையை விட்டு உச்சியைப் பாருங்கள். கம்பின் முனை முட்டும் இடத்தில் தடித்த துணி இரண்டு மூன்று அடுக்கு வைத்துத் தைத்திருக்க வேண்டும். அங்கிருந்து மூலைகளுக்கு இறங்கும் நான்கு தையலையும் விரலால் தடவிப் பாருங்கள். ஜீன்ஸின் கால் ஓரத்தில் இருக்கிற மாதிரி, இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று கவ்வி மடிந்து, இரட்டைக் கோடாகத் தையல் ஓட வேண்டும். ஒற்றைத் தையல் போட்டு விளிம்பை அப்படியே விட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முக்கோணத் துண்டின் சரிந்த விளிம்பு துணியின் கிராஸில், அதாவது நெசவு நூலுக்குச் சாய்வாக, விழுகிறது. கிராஸ் கட் ரவிக்கை தைத்தவர்களுக்குத் தெரியும், அந்தத் திசையில்தான் துணி இழுபடும். அதனால் நல்ல தையல்காரர் அந்த விளிம்பை நேர்கோட்டில் வெட்டாமல் இலேசாக உள்வளைத்து வெட்டுவார். கட்டி இழுக்கும்போது இழுபடுகிற அளவை அந்த வளைவு சரிக்கட்டும், சுவரும் விறைப்பாக நிற்கும். நேர்கோட்டில் வெட்டியது காற்றில் பட்பட்டென்று அடித்துக்கொண்டே இருக்கும். அடித்துக்கொள்ளும் துணியில் தையல் ஓட்டைகள் நாளடைவில் பெரிதாகும். டைனீமாவில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். அதனால் அதில் வெறும் தையலாக இல்லாமல், நாடா ஒட்டி வலுவூட்டிய இணைப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஊசித் துளை ஒவ்வொன்றும் தண்ணீருக்கு ஒரு வாசல். இரண்டு பக்கமும் சிலிகான் பூசிய துணியில் சாதாரண நாடா ஒட்டாது, சிலிகான் மட்டும்தான் ஒட்டும். ஆகவே பல கூடாரங்கள் தையலை அடைக்காமலே விற்பனைக்கு வருகின்றன. வாங்கியவர்தான் அடைக்க வேண்டும். சிலிகான் பசையை, பெயின்ட் கரைக்கும் மினரல் டர்ப்ஸில் நீர்க்கக் கரைத்து, கூடாரத்தைக் கட்டி நிறுத்தி, வெளிப்பக்கத் தையல் நெடுகச் சின்னத் தூரிகையால் தடவி, ஒரு ராத்திரி காயவிட வேண்டும். இந்த ஒரு வரிகூட உங்கள் கட்டுரையில் இல்லை. இதைச் செய்யாமல் மலைக்குப் போனவர்கள் 'கம்பெனி ஏமாற்றிவிட்டது' என்று என்னிடம் கொண்டுவந்த கூடாரங்கள் நிறைய.

முளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கூடாரம் தானாக நிற்காது, முளைகள்தான் அதை நிறுத்துகின்றன. சுற்றுவட்டத்துக்கே எட்டு முளை ஆகும், காற்றுக் காலத்தில் சுவர் நடுவில் உள்ள வளையங்களுக்கும் தேவைப்படும். பெர்க் மேட்டில் புல்லுக்குக் கீழே மண் கொஞ்சம்தான், அதற்கும் கீழே கருங்கல். பாதி இறங்கிய முளையின் மேல் பெரிய கல்லை வைக்க வேண்டும், கயிறு கல்லின் கூர்விளிம்பில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பின் உயரத்தையும் வாங்குமுன் அளந்துகொள்ளுங்கள். பல ட்ரெக்கிங் கம்புகள் 135 அல்லது 140 சென்டிமீட்டரோடு நின்றுவிடும், கூடாரமோ 145 கேட்கும். இணைப்புக் குழாய் வாங்கலாம், இல்லையென்றால் இரண்டு கம்பைச் சேர்த்துக் கட்டலாம். தரைவிரிப்பு, கொசுவலை, முளை, கயிறு இவற்றின் எடையைக் கூட்டாமல் துணியின் எடையை மட்டும் போடுவது வழக்கமாகிவிட்டது. வலை போட்ட உள்கூடு மட்டுமே முந்நூறு நானூறு கிராம் வரும்.

கோடையில், அதாவது இங்கே நவம்பரிலிருந்து மார்ச் வரை, மத்தியானத்துக்கு மேல் இடி மழை வரும், ஆலங்கட்டியும் வரும். சரிந்த கதவைத் திறந்தால் மழை நேராகப் படுக்கையில் விழும். அதனால் கதவு காற்றுக்கு மறுபக்கம் இருக்கும்படி கட்ட வேண்டும். மின்னலிலிருந்து எந்தக் கூடாரமும் காப்பாற்றாது. மேட்டின் விளிம்பிலும் தனித்த முகட்டிலும் கட்டவே கூடாது, மேகம் கறுக்கும்போதே கீழே இறங்கிவிட வேண்டும். கிளம்புமுன் வாயிலில் உள்ள மலைப் பதிவேட்டில் போகும் வழியையும் திரும்பும் நாளையும் எழுதிவிட்டுப் போங்கள். முதல் முறை போகிறவர்களுக்கு என் யோசனை, பெர்க்கில் உள்ள சானி கணவாய் அடிவாரத்திலிருந்து தொடங்கும் ஜயன்ட்ஸ் கப் பாதை. சுமார் 60 கிலோமீட்டர். வழியில் தங்கக் குடில்கள் இருக்கின்றன, கூடாரமே வேண்டாம்.

கடைசியாக மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். பிரமிடு கூடாரம் என்பது நான்கு முக்கோணங்கள், ஒரு கதவு, வலுவான மூலைகள். பாலியஸ்டர் நூல், மெல்லிய ஊசி, அங்குலத்துக்கு எட்டுப் பத்துத் தையல், மூலை நாடாவுக்கு பார்டேக் என்னும் நெருக்கமான கெட்டித் தையல். இதெல்லாம் டர்பன் ஆலைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கைவந்த கலை. ஜீன்ஸும் மழைக்கோட்டும் தைத்த கைகள் இன்று சாட்ஸ்வொர்த்தில் வேலையில்லாமல் இருக்கின்றன. அக்கா மகனுக்கு நான்தான் தைத்துக் கொடுத்தேன், 280 சென்டிமீட்டர் நீளத்தில், 20 டெனியர் பாலியஸ்டரில். உங்கள் பட்டியலின் முதல் கூடாரத்தைவிட எடை கூடுதல்தான். ஆனால் அவன் காலை நீட்டிப் படுக்கிறான். துணியை மட்டும் வரவழைத்து இங்கேயே தைக்க முன்வரும் இளைஞர்கள் இருந்தால், சொல்லிக்கொடுக்க என்னைப் போலப் பலர் தயார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பட்டியலை மறுபடி வெளியிடுங்கள். எடையோடு நீளம், அகலம், உயரம், துணியின் வகை, தையல் அடைத்து வருகிறதா, முளை எத்தனை, உள்கூட்டின் எடை எவ்வளவு என்ற விவரங்களையும் சேருங்கள். டிசம்பர் விடுமுறைக்கு முன் வந்தால், வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு தையற்கார வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்