தாடைக்குக் கீழே பாருங்கள்: போக்குவரத்துக் காவல் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு போக்குவரத்துக் காவல் துறை அதிகாரிகளுக்கும், வெயிலில் நின்று வண்டி மறிக்கும் காவலர்களுக்கும் வணக்கம்.

வாகனச் சோதனை நடக்கும் இடத்துக்கு நூறு அடி முன்னால் நின்று பார்த்தால் ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்த ஹெல்மெட் சட்டென்று தலைக்கு ஏறும். பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருந்ததும் ஏறும். ஸ்ட்ராப் மட்டும் இரண்டு பக்கமும் காற்றில் ஆடும். நீங்கள் கை காட்டாமல் விட்டுவிடுவீர்கள். அபராதம் தப்பியது என்று அவரும் போய்விடுவார். இந்த மடல் அந்த ஆடும் ஸ்ட்ராப்பைப் பற்றியது.

ஹெல்மெட் விற்பவர்கள், வண்டி ஓட்டப் பயிற்சி கொடுப்பவர்கள், விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதலுதவி செய்பவர்கள் என்று சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். புதிய சட்டம் எதுவும் கேட்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு ஹெல்மெட் தலையில் இருந்தால் போதும் என்று சொல்லவில்லை. வாராலோ வேறு பிணைப்பாலோ அது தலையோடு உறுதியாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. 129ஐ மீறினால் 194டி பிரிவின் கீழ் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதி நீக்கம். ஆக, பூட்டாத ஹெல்மெட்டும் இல்லாத ஹெல்மெட்டும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான். சோதனைச் சாவடியில்தான் இரண்டும் வேறு வேறாகிவிடுகின்றன.

மத்திய போக்குவரத்து அமைச்சகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கையைப் பாருங்கள். அந்த ஆண்டு நாடு முழுவதும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் இருசக்கர வாகனத்தில் போனவர்கள் 74,897 பேர். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். இந்த 50,029 என்ற எண்ணைத்தான் மேடைக்கு மேடை சொல்கிறோம். கழித்துப் பார்த்தால் மீதி வரும் சுமார் 25,000 பேரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எல்லாருமே தலையில் அடிபட்டு இறந்தவர்கள் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் அவர்கள் தலையில் இருந்தது என்ன வகை ஹெல்மெட், ஸ்ட்ராப் பூட்டியிருந்ததா, மோதும்போது ஹெல்மெட் தலையில் நின்றதா, கழன்று உருண்டதா? அந்தக் கேள்விகளுக்கு அறிக்கையில் பதில் இல்லை.

ஸ்ட்ராப் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. வண்டியில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து சும்மா விழுந்தாலே தரையைத் தொடும்போது தலையின் வேகம் மணிக்கு 19, 20 கிலோமீட்டர். வண்டி நின்றுகொண்டிருந்தாலும் இதே கணக்குத்தான். பக்கத்துத் தெருக் கடைக்குப் போனாலும் இதேதான். வெறுந்தலை தார்ச்சாலையில் மோதினால் அந்த வேகம் மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும். அப்போது மூளை தாங்க வேண்டியது புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 500 மடங்கு. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் போன்ற அடுக்கு 20 மில்லிமீட்டர் நசுங்கிக்கொடுத்தால் அது சுமார் 75 மடங்காக இறங்கும். ஹெல்மெட் செய்யும் வேலை இவ்வளவுதான்: நசுங்கி, நிற்பதற்குக் கொஞ்சம் தூரம் வாங்கிக் கொடுப்பது. வெளி ஓடு அடியைப் பரப்பிவிடும், கூர்மையான பொருள் உள்ளே புகாமல் தடுக்கும். உயிரைக் காப்பது உள்ளே இருக்கும் அந்த வெள்ளை அடுக்கு.

விபத்தில் அடி ஒன்றோடு நிற்பதில்லை. முதலில் எதிர் வண்டியின் பானெட்டிலோ கண்ணாடியிலோ மோதி, பிறகு தரையில் விழுவார்கள். பூட்டாத ஹெல்மெட் முதல் மோதலிலேயே பறந்துவிடும். சில நேரம் அதற்கும் முன்னால், வண்டி வழுக்கி உடல் திரும்பும்போதே கழன்றுவிடும். இரண்டாவது அடி வெறுந்தலைக்கு.

ஸ்ட்ராப்பில் மூன்று வகை புழக்கத்தில் உண்டு. நம் ஊரில் பெரும்பாலும் இருப்பது கிளிக் என்று பூட்டும் பிளாஸ்டிக் கொக்கி. வாங்கிய அன்று நீளத்தைச் சரிசெய்யாமல் பூட்டினால் தாடைக்குக் கீழே மாலை போலத் தொங்கும். பூட்டியும் பூட்டாதது மாதிரிதான். ஓராண்டு தூசியும் வியர்வையும் ஏறினால் கொக்கியின் பல் முழுதாக உட்காராது, இழுத்தால் நழுவும். இரண்டாவது, பல் பல்லாக இறுக்கும் வகை. ஒவ்வொரு முறையும் தாடைக்கு ஏற்ற இறுக்கம் கிடைக்கும், சிவப்பு நாடாவை இழுத்தால் விடும். மூன்றாவது, இரட்டை டி வளையம். வாரை இரண்டு வளையங்களுக்குள்ளும் விட்டு, மடக்கி, உள்பக்க வளையத்துக்குள் மட்டும் திருப்பி இழுக்க வேண்டும். இரண்டிலும் சுற்றிவிட்டால் பிடிக்காது. எந்த வகையானாலும் பூட்டிய பிறகு வாருக்கும் தாடைக்கும் நடுவே ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல்தான் நுழையலாம்.

சாலையோரத்தில் சோதிக்க நீங்கள் கருவி எதுவும் எடுத்து வர வேண்டாம். ஸ்ட்ராப்பைப் பூட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட்டின் பின்விளிம்பை அவரே இரண்டு கையாலும் பிடித்து மேல்நோக்கி, முன்பக்கமாகத் தள்ளட்டும். கழன்று வந்தால் அது அவர் தலைக்குரிய ஹெல்மெட் இல்லை. அளவு பெரிதாக இருக்கும், அல்லது ஸ்ட்ராப் நீளமாக இருக்கும். ஸ்ட்ராப் என்றால் அங்கேயே சரிசெய்துவிடலாம். அரை நிமிட வேலை. முதல் ஒரு மாதம் அபராதம் வேண்டாம், பூட்ட வைத்து மட்டும் அனுப்புங்கள் என்பது எங்கள் யோசனை. அடுத்த மாதத்திலிருந்து ரசீது எழுதுங்கள்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, காதுக்கு மேலாக, பின்மண்டையின் புடைப்பைச் சுற்றித் தையல் டேப்பால் அளந்தால் வருவதுதான் தலையின் சுற்றளவு. கடைகளில் 580, 600 என்று மில்லிமீட்டரில் அச்சிட்டிருப்பது அதைத்தான். எம், எல் என்ற எழுத்து கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எண்ணைத்தான் நம்ப வேண்டும். புது ஹெல்மெட் கன்னத்தை அழுத்த வேண்டும், பேசும்போது கன்னம் கடிபடுவது மாதிரி இருக்க வேண்டும். ‘ஃப்ரீயா இருக்கு, நல்லா இருக்கு’ என்று வாடிக்கையாளர் சொன்னால் அது தவறான அளவு என்று அர்த்தம். வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று அதைச் சொல்லும் கடைக்காரர்கள் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

தமிழ்நாட்டுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இதில் இருக்கிறது: கொண்டையும் மல்லிகைச் சரமும். உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் அதன் மேல் குந்தியிருக்கும், நெற்றி திறந்துகிடக்கும். ஹெல்மெட் போடும் நாளில் பின்னலைக் கழுத்துக்குக் கீழே தாழ்த்திப் பின்னுவதுதான் வழி. பூவை இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம். பின்னால் உட்கார்ந்து போகும் பெண்களுக்கென்று யாரும் தனியாக ஹெல்மெட் வாங்குவதில்லை. வீட்டில் யாருடையதோ ஒன்று தலைக்கு ஏறுகிறது. ஒருபக்கமாக உட்கார்ந்து, பிடிமானம் குறைவாகப் போகிறவருக்குத்தான் அந்த ஆடும் ஹெல்மெட்.

இனி ஹெல்மெட்டே இல்லாத ஹெல்மெட்டுகள். கட்டுமான வேலைக்குப் போடும் மஞ்சள் ஹெல்மெட் ஐஎஸ் 2925 தரத்தில் வருவது. மேலிருந்து விழும் கல்லைத் தாங்க அதன் உள்ளே நாடாத் தொட்டில்தான் உண்டு. வண்டிக்குரிய தரம் ஐஎஸ் 4151. ஐஎஸ்ஐ முத்திரைக்கு மேலே அந்த எண்ணும், கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் உரிம எண்ணை அடித்தால் எந்தக் கம்பெனி, உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். போலியில் முத்திரை இருக்கும், உரிம எண் இருக்காது. இருந்தாலும் வேறு எவருடையதாகவோ இருக்கும். உள்துணியை விலக்கிப் பார்த்தால் டிவி பெட்டிக்குள் வரும் உதிரும் தெர்மாகோல் இருக்கும், சிலவற்றில் வெறும் ஸ்பாஞ்ச். 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். நெடுஞ்சாலை ஓரத்தில் கயிறு கட்டி விற்பவர் மட்டும் அப்படியே இருக்கிறார், பல நேரம் உங்கள் சோதனைச் சாவடியிலிருந்து கூப்பிடு தூரத்தில். அபராதத்துக்குப் பயந்தவர் அவரிடம்தான் வாங்குகிறார். 2015 ஜூலை 1 முதல் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு வந்தபோதும் கிடைத்ததை வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். ஓட்டுபவரைப் பிடிக்கும் கையோடு விற்பவரையும் பாருங்கள்.

முழுமுக ஹெல்மெட் வேண்டுமா, முகம் திறந்தது போதுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஜெர்மனியின் ஹனோவரில் டீட்மர் ஓட்டே நடத்திய ஆய்வில் ஹெல்மெட்டில் விழுந்த அடிகளில் மூன்றில் ஒரு பங்கு தாடைப் பகுதியில் இருந்தது. முகம் திறந்த ஹெல்மெட்டில் அந்த இடத்தில் காற்றுதான் இருக்கிறது. சென்னை வெயிலில் முழுமுகம் வேகும் என்பது உண்மைதான். மெல்லிய பருத்தித் துணித் தொப்பி ஒன்றை உள்ளே போட்டு, உள்துணியை வாரம் ஒருமுறை கழற்றித் துவைத்தால் பாதிப் புகார் போய்விடும். கறுப்புக் கண்ணாடியை இரவில் போடாதீர்கள்; கீறல் விழுந்த கண்ணாடியில் எதிர் வண்டியின் ஹைபீம் பட்டால் சாலையே மறைந்துவிடும்.

ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது. நசுங்கிய வெள்ளை அடுக்கு திரும்ப உப்பாது, வெளியே பெயிண்ட் கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். ‘கம்பெனி ஹெல்மெட், ஒண்ணும் ஆகல’ என்று தம்பிக்குக் கொடுத்துவிடும் வழக்கம் இதனால்தான் ஆபத்து. ரியர்வியூ கண்ணாடிக் கம்பியில் நாள் முழுக்க மாட்டிவைத்தால் அந்த அடுக்கில் குழி விழும். பெட்ரோல், தின்னர், ஸ்டிக்கர் பசை எல்லாம் அந்த அடுக்கையும் வெளி ஓட்டையும் அரிக்கும்.

தலையோடு முடிவதில்லை என்றாலும் மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறோம். விழும்போது முதலில் தரையைத் தொடுவது உள்ளங்கை, அதனால் ஹெல்மெட்டுக்கு அடுத்து வாங்க வேண்டியது கையுறை. மணிக்கு 50 கிலோமீட்டரில் விழுபவர் தார்ச்சாலையில் சுமார் 16 மீட்டர், இரண்டு நொடிக்கு மேல் தேய்ந்துகொண்டே போவார். சாதாரண ஜீன்ஸ் துணி ஒரு நொடிகூடத் தாங்காது. ஜாக்கெட் வாங்குபவர்கள் தோள், முழங்கை, முதுகு மூன்றிலும் இஎன் 1621 என்ற ஐரோப்பியத் தர எண் அச்சிட்ட, அடி தாங்கும் பட்டைகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பல ஜாக்கெட்டுகளில் முதுகில் இருப்பது வெறும் ஸ்பாஞ்ச்தான். செருப்போடு ஓட்டுவதை உங்களால் தடுக்க முடியாது. கணுக்காலை மூடிய ஷூ போட்டவரைப் பார்த்தால் ஒரு தலையசைப்பாவது கொடுங்கள்.

விபத்து நடந்த இடத்துக்கு முதலில் வருவது பல நேரம் உங்கள் ரோந்து வண்டி. அங்கே செய்யப்படும் பெரிய தவறு, விழுந்தவர் மூச்சுவிடுகிறாரா என்று பார்ப்பதற்கு முன்பே ஹெல்மெட்டை இழுத்துப் பிடுங்குவது. மூச்சு சீராக இருந்தால் ஹெல்மெட்டைத் தொடாதீர்கள். கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு, தலை அசையாமல் பிடித்துக்கொண்டு 108 வரும்வரை காத்திருங்கள். மூச்சு இல்லை, வாந்தி அடைக்கிறது என்றால் மட்டும் கழற்ற வேண்டும், அதுவும் இரண்டு பேராக. ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு ஹெல்மெட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்து உடலுக்கு நேராக வைத்திருப்பார். மற்றவர் ஸ்ட்ராப்பை அவிழ்ப்பார் அல்லது வெட்டுவார். பிறகு ஒரு கையைத் தாடையிலும் மறு கையைப் பின்கழுத்திலும் கொடுத்துத் தாங்குவார். முதலாமவர் ஹெல்மெட்டின் பக்கங்களை வெளிப்புறமாக விரித்து, மூக்கில் இடிக்காமல் இருக்க லேசாகப் பின்னால் சாய்த்து, மெதுவாக உருவுவார். அதுவரை கழுத்தைத் தாங்கும் கை நகரக் கூடாது. கை ஒருவர் கால் ஒருவர் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடுவது, வாயில் தண்ணீர் ஊற்றுவது இரண்டையும் தடுக்க வேண்டியவர்களும் நீங்கள்தான். ஒவ்வொரு ரோந்து வண்டியிலும் மழுங்கிய முனையுள்ள கத்தரி ஒன்று இருக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விபத்து விவரங்களைப் பதிவு செய்ய ஐஐடி சென்னை உருவாக்கிய ஐராட் தரவுத்தளம் இருக்கிறது. ஹெல்மெட் அணிந்திருந்தாரா என்று கேட்பதோடு நிறுத்தாமல் முழுமுகமா, முகம் திறந்ததா, ஸ்ட்ராப் பூட்டிய நிலையில் இருந்ததா, ஹெல்மெட் கிடந்தது தலையிலா, எத்தனை அடி தள்ளியா என்பதையும் விசாரணை அதிகாரி எழுதட்டும். மோதிய வண்டியை நிலையத்து வாசலில் நிறுத்திவைக்கிறீர்கள். ஹெல்மெட் பெரும்பாலும் சாலையோரப் புதரிலேயே கிடந்துவிடுகிறது. அதையும் எடுத்து வந்து, கொக்கியையும் உள்ளடுக்கையும் முத்திரை ஒட்டிய இடத்தையும் மூன்று படம் எடுத்து வழக்குக் கோப்பில் சேருங்கள்.

இப்படிக்கு,
ஹெல்மெட் கடைக்காரர்கள், ஓட்டுநர் பயிற்சியாளர்கள், முதலுதவிப் பணியாளர்கள் சிலர்